கோணம் தானாகக் கெடுவதில்லை

பூவிருந்தவல்லியைத் தாண்டி மேற்கே பெங்களூர் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், நசரத்பேட்டை, திருமழிசை, குத்தம்பாக்கம் என்று வரும் ஊர்களின் வழியாகத் தினந்தோறும் கார் ஓட்டிப் போகிறவர்களிடையே, ஆட்சேபத்துக்கே இடமில்லாத சித்தாந்தம்போல் ஓர் அபிப்பிராயம் வேரூன்றி நிற்கிறது. வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங் நடுங்கினாலும் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். டயர் ஓரத்தில் தேய்ந்தாலும் அதுவே மருந்து. ஒரு குறையும் தென்படாவிட்டால்கூட 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை வண்டியை மேடையேற்றிக் கம்ப்யூட்டரிடம் காட்டிவிடுவது உத்தமம். திரையில் சிவப்பாயிருந்த எண்கள் பச்சையாக மாறி, அச்சடித்த தாள் ஒன்று கைக்கு வந்துவிட்டால், வண்டியின் நோய் தீர்ந்துவிட்டதென்று உடையவரும் நம்புகிறார், பட்டறைக்காரரும் நம்புகிறார்.

இந்த அபிப்பிராயம் தவறானது என்பதும், அதனால் உயிருக்கே ஆபத்து நேரக்கூடும் என்பதும் என் வாதம். அலைன்மென்ட் யந்திரத்தை நான் குறை சொல்லவில்லை. அது செய்யும் வேலையை வேறெந்தக் கருவியும் அவ்வளவு செவ்வையாகச் செய்துவிடாது. சக்கரங்களின் கோணத்தை அளப்பது அதன் வேலை. அந்தக் கோணம் ஏன் மாறிற்று என்று விசாரிப்பது மனிதனின் வேலை. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதையும் செய்ததாகக் கருதிக்கொள்வதில்தான் பிழை தொடங்குகிறது.

சக்கரத்தின் கோணங்கள் எப்படி உண்டாகின்றன என்பதை முதலில் நிதானமாக நினைத்துப் பார்க்க வேண்டும். வண்டி வளைவில் திரும்பும்போது உள்வட்டத்துச் சக்கரம் அதிகமாகவும் வெளிவட்டத்துச் சக்கரம் குறைவாகவும் திரும்ப வேண்டும் என்ற தத்துவத்தை மியூனிக் நகரத்தில் வண்டி செய்துவந்த லான்கென்ஷ்பெர்கர் என்பவர் கண்டறிய, 1818-ஆம் ஆண்டில் லண்டனில் ருடால்ஃப் ஆக்கர்மான் அதற்குக் காப்புரிமை பெற்றார். குதிரை பூட்டிய சாரட்டுகளுக்காகப் பிறந்த அந்த அமைப்பிலிருந்து இன்றைய கார்வரையில் ஒரு விஷயம் மாறவில்லை: சக்கரம் எந்தத் திசையில், எந்தச் சாய்வில் நிற்கிறது என்பதைத் தீர்மானிப்பவை தண்டுகளின் நீளமும், கைகளின் வடிவமும், அவற்றைச் சட்டத்தோடு பிணைக்கும் மூட்டுகளின் உறுதியுமே. கோணம் என்பது இந்த உறுப்புகளின் கூட்டு விளைவு. டை ராடின் நீளத்தை இறுக்கி நிறுத்தும் நட்டு தளராதவரையில், லோயர் ஆர்ம் வளையாதவரையில், அதன் ரப்பர் புஷ் கிழியாதவரையில், பால் ஜாயின்ட் தேயாதவரையில், ஸ்பிரிங் தளர்ந்து வண்டி தாழாதவரையில், கோணம் மாறுவதற்கு மார்க்கமே இல்லை. மாறியிருக்கிறது என்றால் இவற்றுள் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது என்று பொருள். கெட்டதைத் தேடாமல் கோணத்தை மாத்திரம் திருகிச் சரிசெய்வது லக்ஷணத்தை மறைத்துவிட்டு ரோகத்தை உள்ளேயே விட்டுவைப்பதாகும்.

எதிர்க்கட்சியார் சொல்லக்கூடிய காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம். வண்டி இழுப்பதற்குக் கோணமே காரணம் என்பது அவற்றுள் முதலாவது. பட்டறையில் பேசப்படும் கோணங்கள் மூன்று. மேலிருந்து பார்க்கையில் முன் சக்கரங்கள் இரண்டும் மூக்கைச் சற்று உள்ளே கூட்டியோ வெளியே விரித்தோ நிற்பது டோ. முன்னால் நின்று பார்க்கையில் சக்கரத்தின் தலை உள்ளே அல்லது வெளியே சாய்ந்திருப்பது கேம்பர். பக்கவாட்டில் பார்க்கையில் சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருப்பது கேஸ்டர். 1983-இல் வந்த மாருதி 800 முதற்கொண்டு, 1998-இல் குத்தம்பாக்கத்துக்கு அடுத்தாற்போலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் உருவாகி வெளிவந்த சான்ட்ரோ ஈறாக, நம் நாட்டில் ஓடும் சிறு கார்களுள் மிகப் பெரும்பாலானவற்றின் முன் சக்கரங்கள் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்னும் அமைப்பில் தொங்குகின்றன. இவ்வகை வண்டிகள் பெரும்பாலானவற்றில் தொழிற்சாலைக்காரர் பட்டறையில் திருத்துவதற்கென்று விட்டுவைத்திருப்பது டோ ஒன்றைத்தான். கேம்பரும் கேஸ்டரும் உறுப்புகளின் வடிவத்திலேயே அமைந்துவிட்டவை.

டோ கெட்டிருந்தால் வண்டி என்ன செய்யும்? முன் சக்கரங்கள் இரண்டும் டை ராட்களாலும் ராக்காலும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருப்பதால், ஓட்டத்தில் அவை கெட்ட டோவைத் தமக்குள் சமமாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஸ்டீயரிங் வளையம் கோணலாக நிற்கலாம். டயர் வீணாகத் தேயலாம். வெளியே விரிந்த டோவானால் வண்டி நேர் பாதையில் அலைபாயவும் செய்யலாம். ஓயாமல் ஒரே பக்கமாக இழுக்கும் குறையை டோ சாதாரணமாக உண்டாக்குவதில்லை. பட்டறையில் திருத்தக்கூடிய ஒரே கோணம், வண்டிக்காரர் முறையிடும் குறைக்குச் சாதாரணமாகக் காரணமாக இராத கோணம்! இந்த ஓர் உண்மையை உணர்ந்தாலே, “இழுத்தால் அலைன்மென்ட்” என்னும் சூத்திரத்தின் அஸ்திவாரம் ஆட்டம் காண்கிறது.

கேம்பரிலும் கேஸ்டரிலும் இடவல பேதம் இருந்தால் வண்டி இழுக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. கேஸ்டர் குறைந்த பக்கத்துக்கும், சக்கரத்தின் தலை அதிகமாக வெளியே சாய்ந்த பக்கத்துக்கும் வண்டி சாயும். இது நிச்சயமான சாஸ்திரம். தொழிற்சாலை நிர்ணயித்து விட்ட அந்தக் கோணங்கள் பிறகு மாறின என்றால் லோயர் ஆர்ம், ஸ்ட்ரட், நக்கிள், சப்ஃப்ரேம் ஆகியவற்றுள் ஒன்று வளைந்திருக்க வேண்டும், அல்லது இடம்பெயர்ந்திருக்க வேண்டும். அதைக் கண்டுபிடித்து மாற்றுவதே பரிகாரம். சில இடங்களில் செய்வதுபோல் ஸ்ட்ரட்டுக்கு ஹைட்ராலிக் கருவியைப் பூட்டி, திரையில் எண் பச்சையாகும்வரை வளைத்துவிட்டுக் “கேம்பர் கரெக்ஷன்” என்று தனிக் கூலி வாங்குவது பரிகாரமாகாது. வளைந்த ஓர் உறுப்பின் குற்றத்தை மறைக்க வளையாத இன்னோர் உறுப்பையும் வளைக்கும் அநியாயம் அது.

நம் சாலைகள் மோசமானவை, குழிகளில் விழுந்து எழும் வண்டியின் கோணங்கள் அடிக்கடி கலைவது இயற்கை, ஆகையால் அடிக்கடி சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும் என்பது இரண்டாவது காரணம். சாலை மோசம் என்பது மெய். அதிலிருந்து எடுக்கும் முடிவு பொய். குழியில் விழுந்ததால் கோணம் மாறிற்று என்றால், அந்த அடியை வாங்கிய உறுப்பு ஒன்று இருக்கிறது. புஷ் கிழிந்த லோயர் ஆர்முடன் வண்டியை மேடையேற்றி டோவைச் சரிசெய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மேடையில் வண்டி அசையாமல் நிற்கிறது. கிழிந்த புஷ்ஷும் அப்போது ஏதோ ஓர் இடத்தில் அமைதியாக நிற்கிறது. யந்திரம் அந்தக் கணத்தின் கோணத்தை உண்மையாகவே அளக்கிறது. சாலைக்கு வந்து பிரேக்கை அழுத்தியதும் சக்கரம் பின்னோக்கித் தள்ளப்பட, ஆர்ம் இடம்பெயர, அளந்த கோணமும் அதனோடு போய்விடுகிறது. மரக்கால் நெல்லை அளக்குமே தவிர அதில் பதர் எவ்வளவு என்று சொல்லாது. பதரைத் தூற்றி எடுக்காமல் எத்தனை முறை அளந்தாலும் களத்துக்காரனுக்கு நஷ்டமே.

யந்திரம் துல்லியமானது, மனிதனின் கையும் கண்ணும் தடுமாறக்கூடியவை என்பது மூன்றாவது காரணம். துல்லியம் என்பது கேட்ட கேள்விக்கு வரும் விடையின் குணம். கேள்வியே பிசகானால் துல்லியமான விடையால் என்ன பிரயோஜனம்? அந்தத் துல்லியத்துக்கும் நிபந்தனைகள் உண்டு. நான்கு டயர்களிலும் காற்று விதித்த அளவில் இருக்க வேண்டும்; முன் சக்கரங்கள் சுழல்தட்டின்மேல் தடையின்றித் திரும்ப வேண்டும்; ரிம்மில் பூட்டிய கவ்வியின் கோணலைக் கழிப்பதற்காகச் சக்கரத்தை உருட்டிப் பார்த்திருக்க வேண்டும். அவசரத்தில் இவற்றுள் ஒன்றைத் தவறவிட்டால் யந்திரம் தவறான எண்ணையும் அதே பச்சை நிறத்தில் காட்டும்.

நான்காவது காரணம் அனுபவத்தின் பெயரால் சொல்லப்படுவது: அலைன்மென்ட் செய்த பிறகு வண்டி நேராக ஓடுகிறதே! இது ஜனங்களிடம் மிகவும் செல்லுபடியாகும் வாதமாகையால் இதற்குச் சற்று விரிவாக விடை சொல்ல வேண்டும். வண்டியை மேடையேற்றுவதற்கு முன் பட்டறைக்காரர் நான்கு டயர்களிலும் காற்றைச் சரிபார்க்கிறார். ஒரு டயரில் காற்று குறைந்திருந்ததுதான் இழுப்புக்குக் காரணமாயிருந்தால், ஒரு நட்டையும் தொடுமுன்பே நோய் போய்விட்டது. பேலன்சிங்கும் சேர்த்துச் செய்கிறபோது டயர்களை முன்னும் பின்னுமாக இடம் மாற்றுகிறார். கோளாறு டயரிலேயே இருந்திருந்தால் அது பின் சக்கரத்துக்குப் போய் அடங்கிவிடுகிறது. ஸ்டீயரிங் வளையத்தை நடுவில் நிறுத்திப் பூட்டுகிறார். கோணலாக நின்ற வளையத்தை இழுப்பென்று எண்ணியிருந்தவருக்கு வண்டி நேராகிவிட்டதாகத் தோன்றுகிறது. காற்றுக்கும், இடமாற்றத்துக்கும், வளையத்துக்கும் சேர வேண்டிய புகழ் முழுவதையும் கோணம் தட்டிக்கொண்டு போகிறது. மெய்யான காரணம் தேய்ந்த மூட்டாக இருந்தாலோ, சில வாரங்களில் இழுப்பு திரும்பி வருகிறது; வண்டிக்காரர் மறுபடியும் மேடைக்கே வருகிறார். ஒரே நோய்க்கு ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப வாங்க நேர்வது அந்த மருந்து பலிக்கவில்லை என்பதற்குச் சாட்சியே அன்றி, அதை அடிக்கடி சாப்பிட வேண்டும் என்பதற்குப் பிரமாணம் ஆகாது.

இனி, இழுப்பு என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி வண்டியின் குற்றமே அன்று. மழைநீர் வடிவதற்காகத் தார்ச்சாலையின் மேற்பரப்பை நூற்றுக்கு 2, 2.5 என்ற கணக்கில் ஓரம் நோக்கிச் சரித்தே அமைக்கிறார்கள். குத்தம்பாக்கத்தை ஒட்டிச் செல்லும் நெடுஞ்சாலையைப்போல் நடுவே தடுப்புள்ள சாலைகளில் ஒரு திசைப் பாதை முழுவதும் பெரும்பாலும் இடது ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். 1,000 கிலோ எடையுள்ள கார் 2 சதவீதச் சரிவில் ஓடும்போது, 20 கிலோ பாரத்துக்குச் சமமான தள்ளல் அதன்மேல் இடப்பக்கமாக விடாமல் செயல்படுகிறது. கன்டெய்னர் லாரிகளின் பாரத்தால் இடது தடத்தில் டயர்ச் சுவடு பள்ளமாகப் படிந்திருந்தால் அந்தப் பள்ளமும் சக்கரத்தைத் தன் போக்கில் இழுக்கும். இத்தகைய சாலையில் கையை விட்டுப் பார்த்து, “வண்டி லெஃப்ட்ல இழுக்குது” என்று தீர்மானிப்பது நியாயமான பரீட்சை ஆகாது. நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் பிரியும் சமமான கிளைச் சாலையொன்றில், எதிரில் வண்டி வராத வேளையில், சாலை முதுகின் நடுவில் நிதான வேகத்தில் ஓட்டிப் பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீரும்.

டயரின் குற்றத்தையும் கோணத்தின் தலையில் கட்டுவதே வழக்கமாகிவிட்டது. ரேடியல் டயருக்குள் இருக்கும் எஃகுப் பட்டை உற்பத்தியின்போது மயிரிழை நகர்ந்திருந்தால், காற்றடைத்த டயர் கூம்பின் துண்டைப்போல் ஒரு பக்கமாக உருளப் பார்க்கும். எந்த அலைன்மென்ட் மேடையும் இதைக் காட்டாது. இதைக் கண்டறியும் உபாயமோ மிக எளியது: முன் டயர்கள் இரண்டையும் இடவலமாக மாற்றிப் பூட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். இழுப்பு எதிர்ப்பக்கம் போனால் குற்றம் டயருடையது. பழைய பக்கமே நின்றால் குற்றம் வண்டியுடையது. சுழலும் திசை குறிக்கப்பட்ட டயர்களாயின் சோதனைக்காகச் சிறிது தூரம் மட்டும் ஓட்டிவிட்டு மறுபடியும் மாற்றிவிட வேண்டும்.

நடுக்கத்தைப் பற்றிய மயக்கம் இன்னொரு வகை. 80 முதல் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கி, வேகம் குறைந்ததும் அடங்கிவிடுமானால் சந்தேகிக்க வேண்டியது சக்கரத்தின் எடைச் சமநிலையை, அல்லது ரிம்மின் நெளிவை. 14 அங்குல ரிம்மின் விளிம்பில் 20 கிராம் எடை மிகுந்திருந்தால், 100 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறத்தாழ மூன்றரைக் கிலோ விசையாகி, விநாடிக்குப் பதினைந்து முறை சக்கரத்தை உதறும். 40 கிலோமீட்டர் வேகத்தில் அதே எடையின் விசை அரைக் கிலோ அளவுக்கே வரும் என்பதால் ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு அது தெரிவதே இல்லை. பிரேக் போடும்போது மாத்திரம் நடுங்கினால் பார்க்க வேண்டியது டிஸ்க். இவை இரண்டுக்கும் டோவுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

அப்படியானால் முறையான விசாரணை எது? அனுபவமுள்ள மெக்கானிக் வண்டியைத் தொடுமுன் வாயைத் திறக்கிறார்: “சும்மா போறப்பவே இழுக்குதா, பிரேக் புடிச்சா மட்டும் இழுக்குதா, ஆக்ஸிலேட்டர் குடுக்கறப்ப இழுக்குதா?” என்று கேட்கிறார். இந்த ஒரு கேள்வியில் பாதி சாஸ்திரம் அடங்கியிருக்கிறது. பிரேக்கில் மட்டும் இழுத்தால் ஒரு பக்கத்துக் காலிப்பர் சரியாகப் பிடிக்கவில்லை, அல்லது லோயர் ஆர்ம் புஷ் இடம் கொடுக்கிறது; ஆக்ஸிலேட்டரில் மட்டும் இழுத்தால் ஆக்ஸில் நீளங்களின் பேதமோ புஷ்ஷின் தளர்ச்சியோ காரணம்; எப்போதும் இழுத்தால் டயர், காற்று, சிக்கிக்கொண்ட பிரேக், வளைந்த உறுப்பு என்ற வரிசையில் தேட வேண்டும். பிறகு சிறிது தூரம், கூடியவரை பிரேக்கைத் தொடாமல் ஓட்டி நிறுத்தி, முன் ரிம்களின் அருகே புறங்கையைக் கொண்டுபோகிறார். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அங்கே காலிப்பர் விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது என்று அறிகிறார்.

அடுத்து உள்ளங்கையை டயரின் குறுக்கே வெளியிலிருந்து உள்ளே ஒரு தரமும், உள்ளிருந்து வெளியே ஒரு தரமும் தடவுகிறார். ஒரு திசையில் வழுக்கி மறுதிசையில் ரம்பப் பல்லாக உறுத்தினால் டோ கெட்டிருக்கிறது. ஒரு சக்கரம் தன் பாதைக்கு 1 டிகிரி கோணலாக ஓடினால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 17 மீட்டர் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படுகிறது என்னும் கணக்கின் சாட்சியம் அந்த ரம்பத்தில் எழுதியிருக்கிறது. உள் ஓரம் மட்டும் வழவழவென்று போயிருந்தால் கேம்பரைச் சந்தேகிக்கிறார். இரண்டு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. இடையிடையே கிண்ணம்போல் குழிந்திருந்தால் ஷாக் அப்சார்பர்.

பிறகுதான் ஜாக்கி. தூக்கிய சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்டின் ஆட்டம் தெரியும். மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் பால் ஜாயின்ட் அல்லது பேரிங்கின் ஆட்டம் தெரியும். கூட நிற்கும் பையனைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுகையில் ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாமல் நின்றால் பால் ஜாயின்ட். இவ்வளவுக்கும் வேண்டியது ஒரு ஜாக்கி, ஒரு லீவர், இரண்டு கைகள். காலமும் அதிகம் ஆகாது. வாடிக்கைக்காரர்கள் அவசரக்காரர்கள், இதற்கெல்லாம் பொறுமை கிடையாது என்று சொல்லித் தப்ப முடியாது. தேய்ந்த பால் ஜாயின்ட் கழன்றால் ஓடும் வண்டியின் சக்கரம் அப்படியே மடங்கிவிடும். அந்த மூட்டை ஆட்டிப் பார்க்காமலே அதே வண்டிக்குப் பச்சை எண்கள் அச்சிட்ட தாளைக் கொடுத்தனுப்புவது, பத்திரமில்லாத வண்டிக்குப் பத்திரம் எழுதிக் கொடுப்பதாகும்.

அலைன்மென்ட் எப்போது வேண்டும் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். டை ராட் எண்ட், ராக், லோயர் ஆர்ம், ஸ்ட்ரட் ஆகியவற்றுள் எதை மாற்றினாலும் பிறகு அலைன்மென்ட் அவசியம். நேராக ஓடும் வண்டியில் ஸ்டீயரிங் வளையம் கோணலாக நின்றாலும், டயரில் ரம்பத் தேய்வு கண்டாலும், குழியில் பலத்த அடிபட்டாலும் வண்டியை மேடையேற்றத்தான் வேண்டும். அப்போது பின் சக்கரங்களையும் சேர்த்து அளக்க வேண்டும், ஏனெனில் பின் அச்சு கோணலாயிருந்தால் அதைக் கணக்கில் கொள்ளாமல் முன்னால் எவ்வளவு திருத்தியும் வளையம் நேராகாது. மின்சார பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டிகளில் கோண சென்சாரின் பூஜ்ய நிலையையும் தேவையானபோது மறுபடி பதியவைக்க வேண்டும். கிலோமீட்டர்க் கணக்கு வைத்து அளந்து பார்ப்பதும் தவறன்று; அளந்ததில் மாற்றம் கண்டால், திருகுவதற்கு முன் ஏன் மாறிற்று என்று கேட்க வேண்டும் என்பதே என் நிபந்தனை.

இந்த விசாரணைக்கு வேண்டிய அறிவு நமக்கு அந்நியமானதன்று. 1960-களின் தொடக்கத்திலிருந்து பாடியில் வீல்ஸ் இந்தியா சக்கரங்களையும் பிரேக்ஸ் இந்தியா பிரேக்குகளையும் செய்துவருகின்றன. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் எண்ணற்ற சிறு பட்டறைகள் வண்டியின் நுணுக்கமான உறுப்புகளைக் கடைந்து கொடுக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் முழு வண்டியே உருவாகிறது. உறுப்பை மயிரிழை பிசகாமல் செய்யத் தெரிந்த ஒரு பிரதேசத்தில், அதே உறுப்பு கெட்டால் கண்டறியும் வித்தை மட்டும் மங்கிப்போவது மிகவும் வருந்தத்தக்கது. பட்டறையில் வேலை கற்கவரும் பிள்ளைகள் கவ்வியைப் பூட்டி, பொத்தானை அழுத்தி, தாளைக் கிழித்துக் கொடுப்பதே தொழில் என்று எண்ணி வளர்ந்தால், ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் தம் கைகளில் சேர்த்துவைத்த ஞானம் வாரிசில்லாமல் போகும்.

ஆகையால் பட்டறைக்காரர்களிடம் நான் கோருவது, வண்டியை மேடையேற்றுவதை விசாரணையின் தொடக்கமாக்காமல் அதன் இறுதியில் வைக்க வேண்டும் என்பதும், கொடுக்கும் தாளில் கோணங்களுக்கு முன்னால் டயர், பிரேக், புஷ், பால் ஜாயின்ட், டை ராட் எண்ட் ஒவ்வொன்றையும் பார்த்ததற்கான குறிப்பு இருக்க வேண்டும் என்பதும். வண்டிக்காரர்களிடம் கோருவது இன்னும் சுலபமானது. திருத்துவதற்கு முன்னிருந்த அளவுகளைக் காட்டச் சொல்லுங்கள். மாற்றம் இருந்தால் எந்த உறுப்பினால் நேர்ந்தது என்று கேளுங்கள். விடை கிடைக்கும்வரை திருகவேண்டாமென்று சொல்லுங்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்த பட்டறையிடமே வண்டியையும், அதில் ஏறிச் செல்லும் குடும்பத்தையும் நம்பி ஒப்படைக்கலாம்.